புகை தெருவுக்கு, கறி சபைக்கு

உலகத்தின் கண்கள் அத்தனையும் நித்திய சமாதான ஆலயத்தின் மீதே பதிந்திருக்கின்றன. நம்முடைய ஒவ்வோர் அடியையும் புறத்தார் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். இப்படித்தான் சபைச் செயலாளர் வேதமாணிக்கம் கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து நின்று, இரண்டு உள்ளங்கைகளையும் மேஜையில் ஊன்றிக்கொண்டு சொன்னார்.

அந்த நேரத்தில் ஒத்தக்கடை அன்பு நகர் மூன்றாவது தெருவில், ஆலயத்தைப் பார்க்கக்கூடிய தூரத்தில் இருந்தவை இரண்டு. ஒன்று, சிலிண்டர் போட வந்தவர்; அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொன்று ஒரு வெள்ளாடு. அது மதில் சுவரில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் பசைக்காக நக்கிக்கொண்டிருந்தது.

வேதமாணிக்கம் மாநகராட்சியில் முப்பத்தோரு வருஷம் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஹோட்டல் ஹோட்டலாகப் போய் மூடியைத் திறந்து பார்த்தே வாழ்ந்தவர். மூடியிருக்கிற எதைக் கண்டாலும் உள்ளே ஏதோ ஊசிப்போயிருக்கிறது என்று அவருக்குத் தோன்றும். திறந்து பார்த்து ஒன்றும் இல்லையென்றால், தகவல் தெரிந்து முன்கூட்டியே கழுவி வைத்துவிட்டார்கள் என்று தோன்றும்.

"ஐயா, ஒரு சின்ன யோசனை" என்றார் போதகர் ஆபிரகாம் செல்வின். மாற்றலாகி வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. இன்னும் யோசனைகளெல்லாம் வைத்திருந்தார். "வெளிய இருக்கிறவங்க நம்மள எப்படிப் பாக்கிறாங்கன்னு நாமளே போய் ஒருதரம் கேட்டுப் பாத்தா என்ன?"

"கேக்கலாம். கேட்டா நல்லபடியாத்தான் சொல்லுவான். அதுலதான ஐயா இருக்கு சூது."

"நல்லா சொன்னா சந்தோசப்பட வேண்டியதுதான?"

"லோகம் நம்மளப் பகைக்கணும். அதுதான் முறை. பகைக்கலைன்னா நம்மகிட்ட ஏதோ கோளாறுன்னு அர்த்தம், இல்லை அவன்ட்ட ஏதோ திட்டம் இருக்குன்னு அர்த்தம்."

போதகர் தண்ணீர் குடித்தார்.

விஷயம் இதுதான். நித்திய சமாதான ஆலயம் என்று போர்டு இருந்தாலும் உள்ளே இருந்தது தகரக் கொட்டகை. கோபுரத்தோடு கான்கிரீட் ஆலயம் கட்டக் கலெக்டரின் அனுமதி வேண்டும். அனுமதி தருமுன் அக்கம்பக்கத்தில் ஆட்சேபணை உண்டா என்று விசாரிப்பார்கள். ஏழு வருஷத்துக்கு முன்னால், ஞானசிகாமணி செயலாளராக இருந்தபோது, முதல் விண்ணப்பம் ஆட்சேபணையால் நின்றுபோனது. அன்றிலிருந்து வருஷம் ஒருமுறை 'தடைகள் நீங்க உபவாச ஜெபம்' நடக்கிறது. புறத்தாரின் கடின இருதயத்துக்காக அதில் ஜெபிப்பவர் வேதமாணிக்கம். ஜெபத்தின் நடுவில் அவர் குரல் உடையும். பெண்கள் பக்கத்தில் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்கும்.

இப்போது செயலாளர் அவர்தான். பதவிக்காலம் மே மாதத்தோடு முடிகிறது. அனுமதி அதற்குள் வந்து அடிக்கல் நாட்டிவிட்டால், கறுப்புக் கிரானைட் கல்வெட்டில் போதகர் பெயருக்கு அடுத்து 'சபைச் செயலாளர்: ஏ. வேதமாணிக்கம்' என்று தங்க நிற எழுத்தில் வரும். ஜூன் மாதம் வந்தால் அதே இடத்தில் ஞானசிகாமணி பெயர் வரும். அவர் மறுபடி நிற்கப்போகிறார், ஜெயித்தும் விடுவார் போல இருந்தது. ஆலயம் எப்படியும் என்றைக்காவது எழும்பிவிடும். கல்வெட்டு அப்படியல்ல, ஒருமுறைதான் செதுக்குவார்கள். கல்வெட்டின் மாதிரியை ஒரு கோட்டுத்தாளில் அளவோடு வரைந்து பீரோவுக்குள் வேட்டிகளுக்கு அடியில் வைத்திருந்தார் வேதமாணிக்கம்.

பிப்ரவரி கடைசியில் கலெக்டர் ஆபீஸுக்குப் போனார். பாண்டீஸ்வரி என்ற உதவியாளரிடம் கோப்பு இருந்தது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு புரட்டினாள்.

"எல்லாம் சரியா இருக்கு சார். அக்கம்பக்கத்துல அஞ்சு பேர்ட்ட வி.ஏ.ஓ. வாக்குமூலம் வாங்கிருக்காரு. அஞ்சு பேரும் ஆட்சேபணை இல்லைன்னு சொல்லிட்டாக."

"அஞ்சு பேருமா?" என்றார் வேதமாணிக்கம். சந்தோஷத்துக்குப் பதில் அவருக்குச் சந்தேகம் வந்தது. ஒரு தெருவில் ஐந்து பேர் ஒரே மாதிரி நல்லது சொல்கிறார்கள் என்றால், சொல்லி வைத்துச் சொல்கிறார்கள்.

"ஆனா பழைய கோப்புல ஒரு ஆட்சேபணை நிக்குது. அதத் தள்ளுபடியும் பண்ணல, வாபஸும் ஆகல."

"ஒண்ணுதானா?"

"ஒண்ணே ஒண்ணு."

"நல்லாப் பாருங்க. கட்டா இருக்கும். ஏழு வருஷமா அதுக்கு நாங்க உபவாசம் இருக்கோம்."

"ஒண்ணுதான் சார்." அவள் தாளைத் தன் பக்கம் திருப்பிப் படித்தாள். "உள் விவகாரமெல்லாம் எழுதியிருக்காரே. இராப்போசனப் பாத்திரத்துப் பீரோ சாவிய செயலாளர் வீட்டுக்குக் கொண்டுபோயிடுறாருன்னு எல்லாம் போட்டுருக்கு. அது என்ன பாத்திரம்?"

ஆராதனையில் திராட்சரசம் கொடுக்கும் கிண்ணம் என்று வேதமாணிக்கம் சுருக்கமாகச் சொன்னார். சபைக்குள் நடப்பதை வெளியே ஒருத்தன் வரி வரியாக எழுதியிருக்கிறான்.

"யாரு எழுதுனது?"

"இப்பச் சொல்லக் கூடாது. நகல் கேட்டு மனுக் குடுங்க. அடுத்த வாரம் தாரேன்."

ஒரு வாரம். மூடியைத் திறக்கத் தெரிந்த ஆளுக்கு ஒரு வாரம் போதும். அன்பு நகர் மூன்றாவது தெருவில் பதினோரு வருஷமாகக் கோயிலுக்கு வந்துபோகிற வேதமாணிக்கம், அந்தத் தெருவில் முதல்முறையாக நின்று பேசலானார்.

முதலில் அன்னக்கொடியின் டீக்கடை. ஆலயத்துக்கு நேர் எதிரே, பாதாம் மரத்தடியில். உலகத்தின் கண்கள் என்று ஏதாவது இருந்தால் இங்கேதான் இருக்கும் என்று அவருக்கு எப்போதுமே ஒரு எண்ணம்.

"வாங்க சார். சீனி இல்லாம, டிகாசன் தூக்கலா?"

வேதமாணிக்கம் அந்தக் கடையில் அதுவரை டீ குடித்ததே இல்லை. "உனக்கு எப்படித் தெரியும்?"

"உங்களுக்குச் சுகருன்னு உங்க ஆளுகதான் பேசிக்குவாக."

அவர் கிளாஸை வாங்கி, பழக்கத்தில் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்துவிட்டு, பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். "எங்க கோயிலப் பத்தி நீ என்னம்மா நினைக்கிற?"

"நான் என்னத்த நினைக்க? இந்தக் கிண்ணம் வைக்கிற பீரோ சாவி இப்ப உங்ககிட்டயா, இல்ல அந்த மீசக்காரர்ட்டயேவா?"

அவர் கிளாஸைப் பெஞ்சில் வைத்தார். மீசைக்காரர் ஞானசிகாமணி. "இதெல்லாம் யாரு உனக்குச் சொல்றா?"

"யாரும் சொல்ல வேணாம். ஞாயித்துக்கிழம பத்தரைக்கு மணி அடிக்கும். அடுத்த நிமிசம் உங்க ஆளுக இருபது பேரு இங்கதான் நிப்பாக. உள்ள சமாதானம் சொல்லி முடிச்சிட்டு, மிச்சத்த இங்க வச்சுத்தான பேசுவாக. போன எலெக்சன்ல ரெண்டு கிளாசு உடைஞ்சுச்சு. நானா கேக்கல."

சந்தேகத்துக்குரியவர் ஒன்று என்று வேதமாணிக்கம் மனதில் குறித்துக்கொண்டார். ஆனால் அன்னக்கொடிக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும் என்று விசாரித்ததில் தெரியவந்தது. அதையும் அவர் முழுதாக நம்பவில்லை.

அடுத்து, ஆலயத்தின் மதிலை ஒட்டிய டூவீலர் பட்டறை. ஜமீல் ஒரு ஸ்கூட்டரின் வயிற்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். வாயில் ஒரு ராகம் ஓடிக்கொண்டிருந்தது. நெருங்கிக் கேட்டால், அது போன வாரம் ஆராதனையில் கடைசியாகப் பாடிய பாட்டு.

"என்ன பாய், எங்க பாட்டப் பாடுறீங்க?"

"நானா சார் பாடுறேன்? உங்க குழாய் என் கடையப் பாத்துல்ல இருக்கு. தானா வருது." அவர் ஸ்பேனரால் மதிலின் மேல் இருந்த ஒலிபெருக்கியைக் காட்டினார். "போன மாசம் பள்ளில துவாவுக்குக் கையத் தூக்கிட்டு உக்காந்துருக்கேன், மனசுக்குள்ள உங்க கோரஸ் ஓடுது. அல்லாதான் மன்னிக்கணும்."

"அதுல உங்களுக்குக் கோவம்?"

"கோவமெல்லாம் இல்ல சார். ராகம் நல்லாத்தான் இருக்கு. வண்டிய மட்டும் கடைக்கு முன்னால நிப்பாட்டாம இருந்தா சரி. ஞாயித்துக்கிழம எனக்குத்தான் யாவாரம்."

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு வேதமாணிக்கத்துக்குப் பிடிக்கவில்லை. கோபப்படுகிறவனை நம்பலாம். கோபப்பட வேண்டிய இடத்தில் சிரிக்கிறவன் எங்கேயோ எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருப்பான். சந்தேகத்துக்குரியவர் இரண்டு.

வாரக் கடைசியில் அவருடைய பட்டியலில் தெரு முழுதும் இருந்தது. போதகரும் இருந்தார். போதகருக்கு ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒத்தக்கடை எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாது. ஆனால் வெளியாட்களைப் பற்றி ஒரு மனிதர் இம்புட்டு அக்கறைப்படுவது இயற்கையாக இல்லையே.

நகல் கிடைத்தது. கலெக்டர் ஆபீஸ் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டே வேதமாணிக்கம் அதைப் படித்தார்.

நான்கு குறைகள். ஒன்று, ஒலிபெருக்கி ஆலயத்தை விட்டுவிட்டுத் தெருவைப் பார்க்கிறது. கர்த்தருக்குக் காது கேட்கும், தெருவுக்குத்தான் இனிக் கேட்காது. இரண்டு, ஞாயிறுதோறும் வீட்டு வாசல்களில் வண்டிகளை நிறுத்தி மறிக்கிறார்கள். மூன்று, ஆராதனை முடிந்ததும் வாசலில் சண்டை. சாவி உள்ளிட்ட விவகாரங்கள் வீதிக்கு வருகின்றன. நான்கு, வருஷம் ஒருமுறை அசனம் என்ற பெயரில் சபை விருந்து. தெருவின் நடுவில் அடுப்பு மூட்டி, ஆறு அண்டாவில் ஆட்டுக்கறி சமைக்கிறார்கள். ஒரு கரண்டி எதிர்வீட்டுக்குப் போனதில்லை. புகை தெருவுக்கு, கறி சபைக்கு.

பாவி, நன்றாக எழுதியிருக்கிறானே என்று நினைத்தார். கோபத்தின் நடுவிலும் அந்தக் கடைசி வரியை உதட்டுக்குள் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார். எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவன். சுகாதாரத் துறையில் இருந்திருந்தால் நல்ல அறிக்கை எழுதியிருப்பான்.

அதன் பிறகுதான் எழுத்தைப் பார்த்தார். 'ழ'கரத்தின் வால் கீழே போய், இடப்பக்கம் வளைந்து, அடுத்த வரியின் தலையைத் தொட்டுக்கொண்டிருந்தது. மொத்த மதுரை மாநகராட்சியில் அப்படி ஒரு வாலைப் போட்டுச் சம்பளம் வாங்கியவர் ஒருத்தர்தான்.

இந்த இடத்தில் வேதமாணிக்கத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவராகச் சொல்ல மாட்டார். அந்த வருஷம் அவர் தேர்தலில் ஞானசிகாமணியிடம் ஒன்பது ஓட்டில் தோற்றிருந்தார். கல்வெட்டில் அந்த மீசை ஏறுவதை நினைத்து மூன்று மாதம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. தோற்றவர்கள் செய்கிறபடி மனு எழுதினார். பேராயருக்கு, சங்கப் பதிவாளருக்கு, மின்வாரியத்துக்கு, மாசுக் கட்டுப்பாட்டுக்கு என்று பதினொரு மனு. அதில் ஒன்று கலெக்டருக்கு. அதைத் தெருவாசி ஒருவர் எழுதுவதுபோல எழுதியிருந்தார். பதினொன்றில் எதில் என்ன எழுதினோம் என்பது பிறகு அவருக்கே மறந்துபோனது. வெளியாட்கள் எப்படியும் கட்டுக்கட்டாக எழுதத்தான் போகிறார்கள், அவர்களுடைய வெள்ளத்தில் நம்முடையதும் ஒரு செம்புத் தண்ணீர் என்பதுதான் அவர் கணக்கு. விண்ணப்பம் நின்றதும் வெளியாட்கள் எழுதிவிட்டார்கள் என்று ஊரோடு சேர்ந்து அவரும் நம்பினார். உபவாச ஜெபத்தில் அவர் அழுதது பொய்யழுகை அல்ல. வெளியாட்கள் ஒருத்தரும் எழுதவில்லை என்பது அவருக்குத் தோன்றவே தோன்றாத விஷயம்.

கீழே கையெழுத்து: க. ராஜபாண்டி, தெருப் பொதுமக்கள் சார்பில். தெருவில் அப்போது அப்படி ஒருத்தர் இல்லை. அதற்காகவே அந்தப் பெயரைப் போட்டார்.

மறுபடி மாடியேறிப் போனார். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டார். "இது பொய்ப் பேரும்மா. இப்படி ஆளே அங்க கிடையாது. மொட்டைக் கடிதாசுன்னு தள்ளிரலாம்ல?"

"இருக்காரே சார்." பாண்டீஸ்வரி இன்னொரு தாளை எடுத்தாள். "வி.ஏ.ஓ. போய்ப் பாத்துருக்காரு. ராஜபாண்டி, டிரைவிங் ஸ்கூல், மூணாவது தெரு. 'மனு நான் எழுதவில்லை, ஆனால் அதில் கண்டவை யாவும் உண்மை'ன்னு வாக்குமூலமே குடுத்துருக்காரு. அவர்ட்டப் பேசி, குறை தீந்துச்சுன்னு ஒரு கடிதம் வாங்கியாங்க. மே பத்துக்குள்ள வந்தா நல்லது. அதுக்கப்புறம் கலெக்டர் பெரியவரு டிரெய்னிங் போறாரு, ஜூன் பாதி ஆயிரும்."

மதுரைப் பக்கத்தில் ராஜபாண்டி என்று கற்பனையாக ஒரு பெயர் வைக்க முடியாது. வைத்த இடத்தில் இன்றில்லாவிட்டால் நாளை ஒருத்தர் குடிவந்துவிடுவார். இவர் குடிவந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது.

ராஜபாண்டி தன் பயிற்சிக் காரில், இடப்பக்கத்து சீட்டில் உட்கார்ந்து எலுமிச்சம்பழச் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வெயிலுக்கு வேறு இடம் இல்லாததால் வேதமாணிக்கம் ஓட்டுநர் சீட்டில் ஏறிக்கொள்ள வேண்டியதாயிற்று.

"உக்காருங்க சார். ஸ்டியரிங்க மட்டும் தொடாதீங்க. பழக்கமில்லாதவுக தொட்டா எனக்குக் கால் தானா பிரேக்குக்குப் போயிரும்."

"வி.ஏ.ஓ. வந்தாராம்ல."

"வந்தாரு. நான் எழுதலைன்னு சொன்னேன். நான் இங்க வாரதுக்கு முன்னாடி உள்ள பேப்பரு அது."

"அதோட விட்டுருக்கலாம்ல தம்பி?"

"படிச்சுப் பாத்தேன் சார். எழுதியிருந்தது அம்புட்டும் சரி. சரியா இருக்கிறத எப்படித் தப்புன்னு சொல்ல?" ஒரு கவளம் உருட்டினார். "எழுதுன ஆளு யாருன்னு தெரிஞ்சா ஒரு டீ வாங்கிக் குடுக்கணும். 'புகை தெருவுக்கு, கறி சபைக்கு.' நாலே வார்த்த. எங்க மச்சான்ட்டக்கூடச் சொன்னேன், அவன் அப்படிச் சிரிச்சான்."

"அம்புட்டு நல்லாவா இருக்கு?" என்று கேட்டுவிட்டு வேதமாணிக்கம் உடனே வெளியே பார்த்தார். "அப்ப நாங்க கோயில் கட்ட வேணாங்கிறீங்க."

"கட்டுங்க சார், யாரு வேணாம்னா? நல்லா ஒசரமாக் கட்டுங்க. படிக்க வார பிள்ளைகளுக்கு 'கோபுரத்தப் பாத்ததும் லெஃப்ட்ல திருப்பு'ன்னு சொல்ல எனக்கும் வசதி. அந்த நாலு விசயத்தச் சரி பண்ணுங்க. குறை தீந்துச்சுன்னு நானே வந்து எழுதித் தாரேன்."

"உங்களுக்கு வேற என்ன வேணும்?"

"வேற என்ன? ஒண்ணுமில்ல."

ஒன்றுமில்லையாம். காரை விட்டு இறங்கி வீடு போய்ச் சேரும்வரை அந்த 'ஒன்றுமில்லை'யை வேதமாணிக்கம் புரட்டிப் புரட்டி முகர்ந்தார். வாடை எதுவும் வரவில்லை. அதுதான் அவரை உறுத்தியது.

ஆனாலும் நாள் ஓடிக்கொண்டிருந்தது. தன்னுடைய மனுவைத் தானே நிறைவேற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. ஒலிபெருக்கிக் குழாயை இறக்கிவிட்டு, கொட்டகைக்குள் நாலு ஸ்பீக்கர் பெட்டி மாட்டினார். வண்டி நிறுத்த, ஆலயத்துக்குப் பின்னால் கருவேலம் மண்டிக் கிடந்த இடத்தைச் சுத்தம் செய்தார். அன்னக்கொடியைப் பேசி, ஞாயிறு டீயை மதிலுக்கு உள்ளேயே கொண்டுவந்து ஊற்ற வைத்தார். சண்டை அப்படியேதான் இருந்தது, இடம் மட்டும் உள்ளே வந்தது. அன்னக்கொடிக்கு இப்போது எல்லாம் இன்னும் தெளிவாகக் கேட்டது.

சபையில் யாரும் இதை நம்பவில்லை. "தேர்தல் வருதுல்ல மாப்ள, வெளியாள உள்ள சேத்து ஓட்டுப் போட வைக்கப்போறாப்ல" என்று ஞானசிகாமணி டீ கிளாஸோடு நின்று சொன்னார். போதகர் மட்டும் பிரசங்கத்தில் பேரைச் சொல்லாமல் பாராட்டினார். நம்மில் ஒருவர் புறத்தாரின் கண்களால் நம்மைப் பார்க்கக் கற்றுக்கொண்டார் என்றார். வேதமாணிக்கம் முதல் வரிசையில் உட்கார்ந்து போதகரின் முகத்தையே பார்த்தார். இவருக்கு ஏதாவது தெரிந்திருக்குமோ? இவ்வளவு சரியாகச் சொல்கிறாரே.

ஏப்ரல் மூன்றாவது ஞாயிறு அசனம். அடுப்பு மதிலுக்கு உள்ளே மூட்டப்பட்டது. கறி ஜமீலின் மச்சான் கடையில் வாங்கியது. முப்பத்திரண்டு வீட்டுக்குத் தூக்குவாளியில் சோறும் கறியும் போயின. முதல் வாளியைச் செயலாளரே தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார். மலையம்மாள் கதவைப் பாதி திறந்தாள். வாளியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"யாரும் தவறிட்டாகளா?"

"இல்லம்மா. அசனச் சாப்பாடு. சும்மாதான்."

"சும்மாவா? பத்து வருசமா வராத சும்மா இப்ப எங்கிட்டிருந்து வந்துச்சு?" அவள் வாளியை வாங்காமல் மூடியை மட்டும் தூக்கி, குனிந்து முகர்ந்தாள். "எங்களையும் சேக்கப் போறீகளா? எங்க வீட்டுக்காரர் குலசாமிய விட்டு வர மாட்டாரு, இப்பவே சொல்லிட்டேன்."

"சேக்கலம்மா. சாப்பிட மட்டும்தான்."

"அப்ப கையெழுத்து எதுவும் வேணுமா?"

முப்பத்தோரு வருஷம் மற்றவர்களுடைய மூடியைத் திறந்த மனிதர் வாசல்படியில் வாளியோடு நின்றார். கடைசியில் அவள் வாங்கிக்கொண்டாள். வேதமாணிக்கம் அடுத்த வீட்டுக்குப் போகும்வரை கதவிடுக்கில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மே எட்டாம் தேதி ராஜபாண்டி சொன்னபடி கலெக்டர் ஆபீஸுக்கு வந்தார். சொந்தக் காரில், அவரே வேதமாணிக்கத்தையும் ஏற்றிக்கொண்டு வந்தார். வழியில் மாட்டுத்தாவணி நெரிசலில், முன்னால் போன வண்டிகளின் தவறுகளையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். பாண்டீஸ்வரி முன்னால் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார்: மனுவில் கண்ட குறைகள் நான்கும் தீர்ந்துவிட்டன. மேற்படி மனு என்னால் எழுதப்பட்டதல்ல. எழுதிவிட்டு, ஒன்றரை மணிக்கு ஒரு அம்மாவுக்கு வண்டியைப் பின்னால் எடுக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று கிளம்பிவிட்டார்.

பாண்டீஸ்வரி கடிதத்தை இரண்டு முறை படித்தாள்.

"குறை தீந்துச்சு, சரி. ஆனா மனு இன்னும் நிக்குதே சார், போன தடவ இத நான் யோசிக்கல. எழுதினவர்தான வாபஸ் வாங்கணும்? இவரு இல்லைன்னா, இவரு பேர்ல எழுதினது யாரு?"

"அதான் இவரே வந்து சொல்லிட்டாரேம்மா, தீந்துச்சுன்னு."

"சொன்னாரு. ஆனா வேற ஒருத்தர் கையெழுத்த யாரோ போட்டுருக்காகன்னு ஆயிப்போச்சே. இத இப்படியே மேல வச்சா, போலீஸ் விசாரணைக்கு எழுதிருவாக. வர ஆறு மாசம் ஆகும்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "எழுதுன ஆளே வந்து, தெரியாம செஞ்சிட்டேன், வாபஸ் வாங்கிக்கிறேன்னு எழுதிக் குடுத்தா, நாளைக்கே பெரியவர்ட்ட வச்சிரலாம். உங்களுக்கு யாருன்னு தெரிஞ்சா கூட்டிட்டு வாங்க."

மின்விசிறி கோப்புகளின் ஓரத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது. ஆறு மாதம். ஜூன், ஜூலை, ஞானசிகாமணி. தங்க நிற எழுத்தில் அந்த மீசை.

"ஒரு வெள்ளத்தாள் குடும்மா" என்றார் வேதமாணிக்கம்.

எழுதினார். அதிக நேரம் ஆகவில்லை; மனு எழுதுவதில் அவருக்கு வழக்கம் உண்டு. பாண்டீஸ்வரி தாளை வாங்கி, பழைய மனுவின் பக்கத்தில் வைத்தாள். கண்ணாடியை இறக்கினாள். விரல் ஒரு 'ழ'விலிருந்து இன்னொரு 'ழ'வுக்குப் போனது.

"ஒத்துப்போகுது சார்."

"ம்."

"உங்க கோயிலுக்கு நீங்களேவா சார் ஆட்சேபணை போட்டீங்க?"

"அப்ப நான் செயலாளர் இல்லம்மா."

அவள் தலையைக் குனிந்துகொண்டு, தேதி முத்திரையை இரண்டு தடவை குத்தினாள். முதல் தடவை மை சரியாகப் பதியவில்லை.

மே பதினான்காம் தேதி அனுமதி வந்தது. பதினெட்டாம் தேதி, ஞாயிறு ஆராதனை முடிந்து அடிக்கல் நாட்டினார்கள். போதகர் ஜெபம் செய்தார். ஜமீல் வந்திருந்தார், அன்னக்கொடி வந்திருந்தாள், ராஜபாண்டி புதுச் சட்டையில் வந்து பின்னால் நின்றார். கிரானைட் கல்வெட்டை மூடியிருந்த துணியை விலக்கியதும், போதகர் பெயருக்கு அடுத்த வரியில், கோட்டுத்தாளில் வரைந்திருந்த அதே அளவில், வேதமாணிக்கத்தின் பெயர் இருந்தது. ஞானசிகாமணி கைதட்டவில்லை. செயலாளர் என்ற முறையில் வேதமாணிக்கமே கலெக்டரின் ஆணையைச் சபைக்கு வாசித்தார். மேல்பகுதி வெறும் அலுவலகக் குறிப்பு என்று சொல்லிவிட்டு, நிபந்தனைகளிலிருந்து தொடங்கினார்.

எட்டாவது நிபந்தனை, ஆணையின் முழு நகலையும் பொதுமக்கள் பார்வைக்குத் தெருவை நோக்கி முப்பது நாள் ஒட்டிவைக்க வேண்டும் என்பது. ஒட்டியிருக்கிறார்களா என்று வி.ஏ.ஓ. வந்து பார்ப்பார். அன்று மாலை அதை மதில் சுவர் அறிவிப்புப் பலகையில், டீக்கடைக்கு நேர் எதிரே, பசை தடவி ஒட்டியவர் வேதமாணிக்கம். அதன் மேல்பகுதியில், நான்காவது குறிப்பில், ஆட்சேபணை தெரிவித்தவர் என்ற இடத்தில் 'திரு. ஏ. வேதமாணிக்கம், மேற்படி ஆலயச் செயலாளர்' என்று இருந்தது.